டேங்க் தண்ணிய செடிக்கு விட்டா கனெக்‌ஷன கட் பண்ணணுமா?

ஏப்ரல் 3, 2025, மாலை (கேள்வி)

எங்க ஊர் மேல்நிலைத் தொட்டி 30 ஆயிரம் லிட்டர், சொந்த போர், 190 வீட்டு இணைப்பு. மாசி தாண்டுனா கடைசி தெருவுக்கு தண்ணி ஏற மாட்டேங்குது. முன்னாடி தெருவுல பாத்தா ட்யூப் போட்டு வாழைக்கும் மல்லிக்கும் விட்டுட்டு இருக்காங்க. குடிநீர்னா குடிக்கத்தானே? தோட்டத்துக்கு விடுற பத்து வீட்டு கனெக்‌ஷன கட் பண்ணா ஒரே வாரத்துல எல்லாம் சரியாகும்ங்கிறது என் கருத்து. குடிநீர் கமிட்டில இருக்கவங்க யாராவது பதில் சொல்லுங்க.

ஏப்ரல் 3, 2025, இரவு

தம்பி, கட் பண்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க. 190 வீடு, வீட்டுக்கு நாலு பேருன்னு வச்சா 760 பேர். ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு சொல்லிருக்காங்க. பெருக்கிப் பாருங்க, 41,800 லிட்டர் வருது. உங்க டேங்கு 30 ஆயிரம். யாரும் ஒரு செடிக்கும் ஒரு சொட்டு விடலன்னாலும் ஒரு தடவ நிரப்புறது பத்தாது. அப்ப கடைசி தெரு காயிறதுக்கு வாழை மட்டும் காரணமா இருக்க முடியாது. உங்க ஆபரேட்டர் ஒரு நாளைக்கு எத்தன தடவ டேங்க நிரப்புறாரு, நிரம்ப எம்புட்டு நேரம் ஆகுதுன்னு கேட்டு எழுதுங்க.

நான் திண்டுக்கல் மாவட்டம், நிலக்கோட்டை பக்கம். மகளிர் குழு சார்புல எங்க ஊர் தண்ணி கமிட்டில இருக்கேன். இந்த விஷயத்துல எனக்கு சொல்ல நிறைய இருக்கு, நேரம் கெடைக்கிறப்ப வந்து எழுதுறேன்.

ஏப்ரல் 4, 2025

செடிக்கு உண்மையில எம்புட்டு தண்ணி போகுதுன்னும் பாத்துரலாம். ஒரு சென்ட்னா ஏறக்கொறைய 40 சதுர மீட்டர். கோடைல காய்கறிச் செடி ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர் போல குடிக்கும். ஆக ஒரு சென்ட் தோட்டத்துக்கு 200 லிட்டர். நாலு பேரு வீட்டுக்கு 55 கணக்குல கெடைக்க வேண்டியது 220 லிட்டர். அதாவது ஒரு சென்ட் முழுசா காய்கறி போட்டா இன்னொரு குடும்பத்துக்கான தண்ணி போகுது. சின்ன விஷயம்னு நான் சொல்லவே இல்ல.

ஆனா எத்தன வீட்டுல முழு சென்ட் தோட்டம் இருக்கு? எங்க ஊர்ல நான் பாத்த வரைக்கும் ஒரு முருங்கை, ரெண்டு வாழை, கறிவேப்பிலை, சொவத்து ஓரமா அவரைக் கொடி, வாசல்ல பத்து இருபது மல்லிச் செடி, அம்புட்டுதான். அதுக்கு நாலஞ்சு குடம் போதும். தண்ணி அளவ விட அது போற நேரமும் போற விதமும்தான் கடைசி தெருவ காய வைக்குது. அஞ்சரை மணிக்கு வால்வு தொறந்த ஒடனே மொத தெருவுல ஆறேழு வீட்டுல ட்யூப தரையில போட்டு விட்டுட்டு உள்ள போயிருவாங்க, தரை மட்டத்துல வாய் தொறந்து கெடக்குற ட்யூபு லைன்ல இருக்க அழுத்தத்த பூராம் தின்னுரும், அதுக்கப்பறம் மேட்டுல இருக்க கடைசி தெருவுக்கு காத்துதான் வரும். அதே தண்ணிய அதே வீடு ஏழரைக்கு எடுத்தா ஒருத்தருக்கும் பாதிப்பு இல்ல.

ஏப்ரல் 4, 2025, மதியம்

கட் பண்ண வேண்டிய வீடுன்னு ஒண்ணு இருக்கு, அத சொல்லாம விட்டுட்டேன்னு நெனைக்க வேணாம். லைன்ல நேரா அரை ஹெச்பி மோட்டார் மாட்டி உறிஞ்சுறவங்க. குடிக்கிறதுக்கு எடுக்குறாங்களா செடிக்கு எடுக்குறாங்களான்னு பாக்கவே தேவையில்ல. மோட்டார் உறிஞ்சுறப்ப பைப்புக்குள்ள அழுத்தம் வெளிய இருக்கதை விட கீழ எறங்கிரும், பைப்புல எங்க சின்ன ஓட்டை இருந்தாலும் பக்கத்துல ஓடுற சாக்கடைத் தண்ணி உள்ள இழுத்துக்கும். அடுத்த வீட்டுப் புள்ளைக்கு வயித்தால போகும். இதுல தயவு தாட்சண்யமே வேணாம்னு நான் கமிட்டிலயும் சொல்வேன், இங்கயும் சொல்றேன்.

ஏப்ரல் 9, 2025

ஒருத்தர் எழுதிருக்காரு, “மல்லி வளக்குறது வியாபாரம், வியாபாரத்துக்கு ஊர் தண்ணி எதுக்கு”ன்னு. அண்ணே, கொஞ்சம் எங்க ஊருப் பக்கம் வந்து பாருங்க.

நிலக்கோட்டைல பூ மார்க்கெட் இருக்கது எல்லாருக்கும் தெரியும். ஏக்கர் கணக்குல மல்லி போட்டவங்க அவங்க கெணத்துலயும் போர்லயும் பாய்ச்சிக்குவாங்க, ஊர் குழாய்ப் பக்கமே வர மாட்டாங்க. நான் சொல்றது நெலம் இல்லாத பொம்பளைங்கள. வீட்டுக்குப் பக்கத்துல இருக்க ரெண்டு முழ எடத்துல செடி வச்சு, விடியறதுக்கு முன்னாடி மொட்டு பறிச்சு, ஈரத்துணில சுத்தி, மார்க்கெட்டுக்குப் போற யாராவது கைல குடுத்து விடுவாங்க. முகூர்த்த நாள்ல நல்ல வெல, மத்த நாள்ல ஏதோ. அந்தக் காசு அவங்க கையில வர்ற காசு, வீட்டுக்காரர் கைக்குப் போகாத காசு. எங்க ஊர்ல தண்ணிக் கட்டணத்த மாசம் தவறாம கட்டுறது யாருன்னு ரசீது புக்கப் பொரட்டுனா இந்த வீடுங்கதான் வரிசையா நிக்குது. ஏன்னா தண்ணி நின்னா அவங்களுக்கு மறுநாளே நஷ்டம். மோட்டார் ஓடலன்னா மொதல்ல ஆபரேட்டர் வீட்டு வாசல்ல போய் நிக்கிறதும் அவங்கதான்.

இவங்க கனெக்‌ஷனையா கட் பண்றது? இந்த திட்டத்துக்கு காவல் காக்குறவங்களே இவங்கதான. அவங்கள விரட்டிட்டா மிச்சம் இருக்கவங்க “கவர்மென்ட் பாத்துக்கும்”னு ஒக்காந்திருப்பாங்க.

இன்னொண்ணு. தடை போட்டா செடிக்கு தண்ணி போறது நிக்காது, ராத்திரிக்கு மாறும். ட்யூபு மண்ணுக்குள்ள போகும். யாரும் அத கணக்குல எடுக்க முடியாது. அதுக்கு பதிலா, “செடிக்கு உண்டு, இந்த நேரத்துல, இந்தத் தண்ணில, இம்புட்டு”ன்னு பொதுவுல வச்சு பேசுனா கணக்கு போடலாம், காசு வாங்கலாம், மீறுனா கேக்கலாம். நான் சொல்ல வந்தது மொத்தமா இதுதான்.

ஏப்ரல் 10, 2025

“இந்தத் தண்ணில”ன்னா என்னன்னு கேட்டிருக்கீங்க. எங்க ஊருக்கு ரெண்டு தண்ணி. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல வர்ற நல்ல தண்ணி ஒண்ணு, சொந்த போர்ல எடுக்குற உப்புத் தண்ணி ஒண்ணு. நல்ல தண்ணி குடிக்க, சமைக்க. உப்புத் தண்ணி குளிக்க, தொவைக்க, மாட்டுக்கு, செடிக்கு. இது யாரும் சட்டம் போட்டு வந்தது இல்ல, நாக்கு சொல்லி வந்தது. உங்க ஊர்ல பழைய மினி பவர் பம்ப் தொட்டி (சின்ன போர், சின்ன மோட்டார், தெருவுல ஒரு சின்டெக்ஸ் தொட்டி) ஏதாவது சும்மா கெடக்குதான்னு பாருங்க. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பின்னாடி நிறைய ஊர்ல அந்த சின்டெக்ஸ் தொட்டியும் கைபம்பு போரும் கேப்பாரில்லாம கெடக்கு. எங்க ஊர்ல மூணு கெடந்துச்சு, ரெண்ட சரி பண்ணி சாயங்காலம் செடி தண்ணிக்குன்னே ஒதுக்குனோம். மெயின் டேங்க் மேல இருந்த பாரம் கண்ணுக்குத் தெரிஞ்சு கொறஞ்சுச்சு.

ஏப்ரல் 15, 2025

சித்திரை பொறந்தாச்சு, வெயில் கொளுத்துது, இனிமேதான் சண்டை.

கடைசி தெரு, கடைசி தெருன்னு நாம எல்லாரும் எழுதிட்டு இருக்கோம். பல ஊர்ல அந்தக் கடைசி தெரு எதுன்னு ஒடைச்சுப் பேசணும். காலனி, அதாவது தலித் மக்கள் இருக்க தெரு. டேங்கு ஊர் நடுவுல கோயில் பக்கம் கட்டுவாங்க, மெயின் லைன் ஊருக்குள்ள சுத்தி வளைச்சு கடைசியா காலனிக்குப் போகும், பைப்பும் மூணு இஞ்சுல ஆரம்பிச்சு அங்க போறப்ப ஒண்ணரை இஞ்சு ஆயிரும். அப்பறம் “அங்கிட்டு மேடு, ஏறல”ம்பாங்க. மேடு மட்டும் காரணம்னா மொதல்ல அங்க தொறந்து விடலாமே?

எங்க ஊர் காலனில நான் பாத்தத சொல்றேன். ஒரு வீட்டு வாசல்ல முழங்கால் ஆழத்துக்கு குழி. குழிக்குள்ள எறங்கி, குழாயோட தலைய அறுத்துட்டு, பைப்பு தரைக்குக் கீழ வர்ற எடத்துலயே ஒரு சொம்ப வச்சு பிடிச்சு, சொம்புல இருந்து குடத்துக்கு ஊத்திட்டு இருந்தாங்க ஒரு வயசான அம்மா. குழி ஓரத்துல பாசி, குழிக்கு அடில நேத்து தேங்குன தண்ணி. சப்ளை நின்ன ஒடனே அந்தத் தேங்குன தண்ணி திரும்ப பைப்புக்குள்ளயே போகும். நாம டேங்குல எம்புட்டு மருந்து கலந்து என்ன பிரயோஜனம்?

இதுக்கு நாங்க பண்ணது செலவில்லாத வேல. வால்வு தொறக்குற வரிசைய தலைகீழா மாத்துனோம். மொதல்ல காலனி, அடுத்து மேட்டுத் தெரு, டேங்குக்குப் பக்கத்துல இருக்க தெரு கடைசில. டேங்கு நெறஞ்சு அழுத்தம் நல்லா இருக்கப்ப தூரத்துக்கு போகுது, டேங்கு கொறஞ்ச பின்னாடியும் பக்கத்துல இருக்கவங்களுக்கு வரத்தான் செய்யுது. தொழில்நுட்பமா பாத்தா இதுல ஒரு மந்திரமும் இல்ல. ஆனா கமிட்டில இத ஒத்துக்க வைக்க பட்ட பாடு இருக்கே. “அவங்களுக்கு மொதல்லயா”ன்னு நேராவே கேட்டாங்க. கேட்டவங்க பேரு வேணாம். நாலு கூட்டம் பேச்சு ஓடி, கடைசில மேட்டுத் தெரு பொம்பளைங்களும் காலனி பொம்பளைங்களும் ஒண்ணா எந்திரிச்சுப் பேசுனதுலதான் முடிவாச்சு. ரெண்டு தெருவுக்கும் காயிற குழாய் ஒண்ணுதானே.

ஏப்ரல் 15, 2025, இரவு

மேல எழுதுனதோட சேத்து இதையும் படிங்க. ஒடிசால கிராம் விகாஸ்னு ஒரு அமைப்பு ரொம்ப வருசமா ஊர் தண்ணித் திட்டங்கள் பண்றாங்க. அவங்க வச்ச மொத நிபந்தன, ஊர்ல இருக்க எல்லாக் குடும்பமும் சேரணும், ஒரு வீடு விடுபட்டாலும் வேல ஆரம்பிக்க மாட்டோம்ங்கிறது. வீட்டுக்கு சராசரியா 1000 ரூபா போட்டு ஒரு பொது நிதி, இருக்கப்பட்டவங்க கூட, இல்லாதவங்க கொறச்சு. அந்த மொதல தொட மாட்டாங்க, வட்டிய வச்சு பின்னாடி புதுசா வர்ற குடும்பத்துக்கு இணைப்பு குடுப்பாங்க. எனக்கு இதுல பிடிச்சது காசு வெவரத்த விட அந்த “ஒரு வீடு விடுபட்டாலும்”தான். விடுபட்ட வீடு என்னைக்காவது லைன ஒடைக்கும், அது அந்த வீட்டு மேல தப்பும் இல்ல.

ஏப்ரல் 21, 2025

செடி சம்பந்தமா ரெண்டு கேள்வி வந்திருக்கு.

டேங்குல ப்ளீச்சிங் பவுடர் போட்டா மல்லி கருகுமா? கருகாது. குழாய் முனைல லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும்ங்கிறது குடிநீர் தரம், அந்த அளவு செடிய ஒண்ணும் பண்ணாது, வெயில்ல கொஞ்ச நேரத்துல அதுவே பறந்துரும். எங்க ஊர்ல பூ வச்சிருக்கவங்க சொல்லி ஆபரேட்டர் மருந்து போடுறதையே நிறுத்தி வச்சிருந்த காலம் உண்டு. அத மட்டும் எங்கயும் அனுமதிக்காதீங்க. பவுடர் மூட்டையத் தொறந்து மாசக்கணக்குல வச்சா அதுல சத்து போயிரும், அது வேற விஷயம், சின்னச் சின்ன பாக்கெட்டா காத்து போகாம கட்டி வைங்க.

செடி எல உண்மையில கருகுறது உப்பாலதான். தண்ணில கரைஞ்சிருக்க உப்போட அளவ டிடிஎஸ்ம்பாங்க, அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற வழி இல்லன்னா 2000 வரைக்கும் குடிக்கலாம்னு தரத்துல இருக்கு. எங்க போர் இதுக்கு நடுவுல எங்கயோ நிக்குது, கோடைல இன்னும் ஏறும். மல்லிக்கு எல நுனி காஞ்சா உப்புன்னு அர்த்தம். தெனம் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்காம, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா நல்லா ஆழமா விடுங்க, தொழு உரம் போடுங்க, மேல சருகு மூடுங்க. முருங்கையும் தென்னையும் உப்பத் தாங்கும். கீரைக்கு மழைத்தண்ணி பிடிச்சு வச்சா அதுக்கு ஈடே இல்ல. 2003ல எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு போட்டாங்களே, அந்தக் குழாய் உங்க வீட்டுல இப்ப எங்க போய் முடியுதுன்னு போய்ப் பாருங்க, முக்காவாசி வீட்டுல அந்தரத்துல தொங்கும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கவங்க இத அப்படியே எடுத்துக்காதீங்க. உங்களுக்குப் பிரச்சன ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம தாண்டுன போர் தண்ணிய செடிக்கு, தொவைக்க வச்சுக்கோங்க, குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணி மட்டும்தான்.

ஏப்ரல் 28, 2025

“செடிக்கும் சேத்து திட்டம் போட்ட ஊர் எங்கயாவது இருக்கா, இல்ல நீங்களா சொல்றீங்களா”ன்னு ஒரு தம்பி. நியாயமான கேள்வி.

நேபாளத்துல நடு மலைப் பகுதி ஊர்கள்ல பண்ணிருக்காங்க. ஊத்துத் தண்ணிய மொதல்ல ஒரு குடிநீர்த் தொட்டிக்கு கொண்டு வர்றாங்க. அது நெறஞ்சு வழியிறது கீழ இருக்க ரெண்டாவது தொட்டிக்குப் போகும், அதுல இருந்து தோட்டத்துக்கு சின்னச் சின்ன சொட்டு நீர் பைப்பு. வீட்டுக்குப் பக்கத்துலயே தக்காளி, காலிஃபிளவர், வெள்ளரி போட்டு விக்கிறாங்க. அந்த அமைப்ப பாருங்க, மேல் தொட்டி நெறையாம கீழ ஒரு சொட்டு எறங்காது. காவலுக்கு ஆளும் வேணாம், யாரு மொதல்லன்னு சண்டையும் வேணாம், குழாய் போட்ட விதமே அத முடிவு பண்ணிருது. எங்களுக்கு மலையும் ஊத்தும் இல்ல, ஆனா அந்த யோசனைய நான் விடவே இல்ல.

பாலக்காட்டுல சொந்தம் இருக்க ஒரு அக்கா கேரளா பத்தி எழுதிருக்காங்க, நன்றிக்கா. அங்க 2000ல உலக வங்கி பணத்தோட ஆரம்பிச்ச ஜலநிதி குடிநீர்த் திட்டத்துல பயனாளி குழுவே திட்டச் செலவுல ஒரு பங்கு போட்டு, கரண்ட் பில்லையும் அவங்களே கட்டி ஓட்டுறாங்க. கட்டுறவங்களுக்கு கேக்குற உரிமை வந்துருது. ஆனா அங்க மழை வேற, கெணறு வேற. எங்க பாறைக்கு அடில இருக்க வெடிப்புல வர்ற தண்ணிய வச்சு அத அப்படியே ஒப்பிட முடியாது.

நம்ம ஊர்லயே கரண்ட் பில்ல நெனச்சு பெருசா யோசிச்ச ஊராட்சி ஓடந்துறை, மேட்டுப்பாளையம் பக்கம். 2006ல ஊராட்சியே கடன் வாங்கி 350 கிலோவாட் காத்தாடி வாங்குச்சு. எல்லா ஊரும் காத்தாடி வாங்க முடியாது. ஆனா தண்ணிக்கு பின்னாடி கரண்ட் இருக்கு, கரண்டுக்கு பின்னாடி காசு இருக்குன்னு அவங்க மொதல்லயே பாத்தாங்க பாருங்க, அது எந்த ஊரும் செய்யலாம்.

மே 2, 2025

நேத்து கிராம சபை. ஜனவரில இருந்து எங்க மாவட்டத்துல ஊராட்சித் தலைவர் கெடையாது, பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் பொறுப்பு. அவருக்கு எத்தனையோ ஊராட்சி, ஒரு ஊரு தண்ணிக் கதையக் கேக்க நேரம் எங்க இருக்கும். இந்த மாதிரி நேரத்துலதான் கமிட்டி உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு தெரியும். தலைவர் இருந்தப்ப வால்வு சாவில இருந்து ரசீது புக்கு வரைக்கும் எல்லாம் அவரு வீட்டுலன்னு இருந்த ஊர்லாம் இப்ப தடுமாறுது.

தீர்மானமா எழுதி வாங்குனது: காலை அஞ்சரைல இருந்து ஏழு வரைக்கும் குடிதண்ணி, அந்த நேரத்துல ட்யூபு கூடாது. செடித் தண்ணி சாயங்காலம் மினி தொட்டில இருந்து. குழாய் எல்லா வீட்டுலயும் தரைக்கு மேல ஒண்ணரை அடி, குழி கெடையாது. லைன்ல மோட்டார் இருந்தா மொத தடவ எச்சரிக்கை, ரெண்டாவது தடவ மோட்டார் பறிமுதல், மூணாவது தடவ இணைப்பு கட். செடித் தண்ணி வேணும்ங்கிறவங்க மாசக் கட்டணம் 30 ரூபாயோட கூட 20 ரூபா.

அந்த 20 ரூபாய்க்கு பெரிய எதிர்ப்பு வரும்னு எதிர்பாத்துப் போனோம். வந்தது வேற பக்கத்துல இருந்து. பூ வச்சிருக்க அக்காமாரு “50 கூட தர்றோம், ஆனா தண்ணி சொன்ன நேரத்துல வரணும், வரலன்னா அந்த மாசம் தர மாட்டோம்”னு எழுதச் சொன்னாங்க. அதையும் எழுதுனோம். ஒரு பெரியவரு எந்திரிச்சு, ஆபரேட்டரோட மாமியார் தெருவுக்கு மட்டும் அரை மணி நேரம் கூட வருதே அதுக்கு என்ன தீர்மானம்னு கேட்டாரு, சபையே சிரிச்சுருச்சு, ஆபரேட்டர் அண்ணனும் சேந்துதான் சிரிச்சாரு. இன்னைக்கு காலையிலேயே அந்தத் தெரு நேரம் சரியாயிருச்சுன்னு கேள்வி.

மே 11, 2025

மோட்டார் போச்சு. காயில் கருகிருச்சு.

அஞ்சு ஹெச்பி சப்மெர்சிபிள். தண்ணி மட்டம் எறங்கி, மோட்டாருக்கு மேல தண்ணி இல்லாம கொஞ்ச நேரம் ஓடிருக்கு. சுத்தி ஓடுற தண்ணிதான் அத குளுத்தியா வைக்கும், அது இல்லன்னா சூடேறி முடிஞ்சுரும். மேல தூக்க ஆளு, காயில் கட்ட காசு, திரும்ப எறக்க ஆளு. வெயில் காலத்துல சுத்துவட்டாரத்துல எல்லா ஊர் மோட்டாரும் அதே வைண்டிங் கடைல வரிசைல கெடக்குது.

மே 12, 2025

நேத்து கோவத்துல பாதில விட்டுட்டேன், இப்ப முழுசா எழுதுறேன், ஏன்னா இந்த இழைல இதுவரைக்கும் காசு பத்தி நாம சரியாவே பேசல.

ஊராட்சில தண்ணிக்குன்னு பணமே இல்லன்னு சொல்றது சரி இல்ல. 2021-26க்கு மத்திய அரசு குடுத்த 15ஆவது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப் போட்ட பணம், அதுல பாதி குடிநீருக்கு. கரண்ட் பில்லுக்கும் கூட்டுக் குடிநீர் கட்டணத்துக்கும் தனியா ரெண்டாம் நம்பர் கணக்கு இருக்கு. பணம் இருக்கு. மோட்டார் கருகுன அன்னைக்கு சாயங்காலம் அது கைக்கு வராது. மதிப்பீடு, ஒப்புதல், கையெழுத்து, இணையத்துல ஏத்துறது, இதெல்லாம் முடியிறதுக்குள்ள ஊரு லாரித் தண்ணிக்கு குடம் குடமா காசு குடுத்து அதவிட ரெண்டு மடங்கு செலவழிச்சுரும்.

அதுக்குத்தான் ஊர்லயே ஒரு கை இருப்பு வேணும்ங்கிறேன். எங்க ஊர்ல செடித் தண்ணிக்கு வாங்குற அந்த கூடுதல் காசு மகளிர் குழு கணக்குல தனியா நிக்குது. தொடங்கி கொஞ்ச நாள்தான், பெரிய தொகை இல்ல. ஆனா அதோட குழு சேமிப்புல இருந்து கடனா எடுத்து, அன்னைக்கு ராத்திரியே மோட்டார தூக்கி வைண்டிங்குக்கு அனுப்பிட்டோம். ஊராட்சிப் பணம் வந்தா குழுவுக்கு திரும்பிரும். பாத்தீங்களா, மல்லிச் செடி குடுத்த காசுலதான் ஊரு குடிக்கப் போகுது. போன மாசம் கட் பண்ணணும்னு சொன்னது இந்த மாதிரி வீடுங்களத்தான்.

மே 14, 2025

மோட்டார் எறக்கியாச்சு. ஓடுது. தண்ணி இல்லாம ஓடுனா தானா நிக்கிற ரிலே ஒண்ணு பேனல்ல மாட்டச் சொல்லிட்டோம். அது முன்னாடியே மாட்டிருக்க வேண்டியது, இனிமே எந்த ஊரும் அது இல்லாம புது மோட்டார் எறக்காதீங்க.

மே 26, 2025

மீட்டர் வச்சா எல்லாம் தீரும்னு ரெண்டு பேரு அழுத்தமா எழுதிருக்கீங்க. நான் மொதல்ல அந்தக் கட்சிதான். இப்ப யோசிக்க யோசிக்க வீட்டுக்கு வீடு மீட்டர் எங்க மாதிரி ஊருக்கு சீக்கிரம்னு தோணுது. ஒரு நாளைக்கு ஒண்ணரை மணி நேரம் மட்டும் தண்ணி வர்ற லைன்ல தண்ணிக்கு முன்னாடி காத்து வந்து மீட்டர சுத்திவிடும், உப்பு படிஞ்சு கொஞ்ச நாள்ல முள்ளு நிக்கும், யாரு போய் படிச்சு எழுதுறது, தப்பா காட்டுச்சுன்னா யாரு பஞ்சாயத்து பண்றது?

டேங்க்ல இருந்து எறங்குற பைப்புல ஒரே ஒரு மீட்டர், அது வேணும். அதுவும் வாங்க முடியலன்னா ஒரு நோட்டு போதும். எங்க ஆபரேட்டர் அண்ணன் தெனம் மூணே விஷயம் எழுதுறாரு: மோட்டார் போட்ட நேரம், டேங்க் நெறஞ்ச நேரம், ஈபி மீட்டர்ல ஓடுன யூனிட். நல்ல நாள்ல 30 ஆயிரம் லிட்டர் டேங்கு நாலு மணி நேரத்துல நெறையும், 16 யூனிட்டுக்கு கொஞ்சம் மேல ஓடும். அதே டேங்குக்கு யூனிட் ஏறிட்டே போனா ஒண்ணு தண்ணி மட்டம் எறங்குது, இல்ல மேல ஏத்துற பைப்புல ஒழுகுது. மே மொத வாரத்து நோட்டப் பாத்தா நெறையற நேரம் ஆறு மணிய தாண்டிருக்கு. மோட்டார் கருகப் போகுதுன்னு நோட்டு முன்கூட்டியே சொல்லிருச்சு. அத வாரத்துக்கு ஒருக்கா எடுத்துப் படிக்க கமிட்டில ஒரு ஆளு வேணும், அந்த வேலைய இப்ப பன்னெண்டாவது முடிச்ச ஒரு பொண்ணு எடுத்துக்கிச்சு.

ஆபரேட்டர பத்தி பேச்சு வந்ததால சொல்றேன். வால்வு தொறந்த பின்னாடி அவரு அந்த நீளச் சாவிய வால்வு மேலயே வச்சு, மறு முனைய காதுல வச்சுக் கேப்பாரு. “உஸ்”னு ஒரே சீரா கேட்டா தண்ணி போகுது, நடுவுல கரகரன்னா காத்து, எல்லாக் குழாயும் மூடுன ராத்திரி நேரத்துலயும் “உஸ்” கேட்டா எங்கயோ ஒடஞ்சு ஒழுகுது. இப்படியே கேட்டுக் கேட்டு மண்ணுக்குள்ள ஒடப்பு எங்க இருக்குன்னு ரெண்டு அடிக்குள்ள காட்டிருவாரு. கண்மாய்த் தண்ணிய வயலுக்கு வயல் பிரிச்சு விட நீர்க்கட்டின்னு ஒரு ஆளு இருந்த காலத்துல, அவருக்கு ஊரே நெல்லு அளந்து குடுத்துச்சு. இவருக்கு ஊராட்சி குடுக்குற சம்பளத்துல குடும்பம் நடக்காது, பகல்ல வேற வேலைக்குப் போறாரு. திட்டம் நெலைச்சு நிக்கணும்னு பேசுற எந்தக் கூட்டத்துலயும் இவரு சம்பளத்த பத்தி ஒரு வார்த்தை வர்றதில்ல. அடுத்த கிராம சபைல நான் எழுப்பப் போற மொத விஷயம் இது.

ஜூன் 8, 2025

பாத்திரம் கழுவுன தண்ணிய செடிக்கு விடலாமான்னு கேட்ட அக்காவுக்கு: வாழைக்கும் கல்வாழைக்கும் தாராளமா விடுங்க. சோறு, எண்ண வந்து அடைக்காம இருக்க ஒரு சின்ன குழில சல்லிக்கல்லு போட்டு அது வழியா விடுங்க. சோப்புப் பவுடர் தண்ணிய கீரைக்கு விடாதீங்க. வீட்டுக்கு வர்ற தண்ணில பாதிக்கு மேல இப்படித்தான் வெளிய போகுது. குளிச்ச தண்ணியும் கழுவுன தண்ணியுமே ரெண்டு வாழை, ஒரு முருங்கைக்கு மிச்சம். அத செஞ்ச வீட்டுல செடித் தண்ணி இணைப்பே தேவைப்படல, 20 ரூபாயும் மிச்சம்.

ஜூன் 15, 2025

கேள்வி கேட்ட தம்பி அளந்து எழுதிருக்காரு, ரொம்ப சந்தோசம். டேங்க் ஒரு நாளைக்கு ஒரு தடவதான் நெறையுது, நிரம்ப அஞ்சு மணி நேரம், ஊர் முழுக்க ஒரே ஒரு வால்வு. தம்பி, உங்க பிரச்சன அங்கதான் இருக்கு. ஒரே வால்வ தொறந்தா 190 வீட்டுக்கும் ஒரே நேரத்துல எறங்கும், பள்ளத்துல இருக்கவன் பிடிப்பான், மேட்டுல இருக்கவன் காய்வான், ட்யூபு இருந்தாலும் இல்லாட்டியும் அப்படித்தான்.

காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா நிரப்ப முடியுமான்னு மொதல்ல பாருங்க. நடுவுல அஞ்சாறு மணி நேரம் விட்டா போர் ஊறிரும், அதே பத்து மணி நேரத்த ஒரே மூச்சா ஓட்டுனா மோட்டார் போயிரும். அடுத்து தெருப் பிரியிற எடத்துல எல்லாம் கேட் வால்வு போடுங்க, உங்க ஊருக்கு நாலு போதும்னு நெனைக்கிறேன். கடைசி தெருவ மொதல்ல தொறங்க. இத ரெண்டையும் செஞ்சு ஒரு மாசம் பாத்துட்டு, அப்பவும் தண்ணி பத்தலன்னா தோட்டத்துக்காரங்கள ஒக்கார வச்சு நேரம் பேசுங்க.

வால்வு சாவி ரெண்டு செஞ்சுக்கோங்க, ஒண்ணு ஆபரேட்டர்கிட்ட, இன்னொண்ணு கடைசி தெருவுல யாராவது ஒரு பொம்பளைகிட்ட. வால்வு குழிக்கு சிமென்ட் மூடி போட்டுருங்க, எங்க ஊர்ல மூடி இல்லாத ஒண்ணுல போன மழைக்கு மண்ணு அடைச்சு ஸ்பிண்டில் (சாவி மாட்டித் திருப்புற தண்டு) திரும்பாமயே போச்சு.